கையோடு கையாக

மனித குலத்தில் கையோடுகையார் என்று ஓர் இனம் உண்டு. படிப்பை வைத்தோ பதவியை வைத்தோ நடை உடையை வைத்தோ இவர்களை அடையாளம் கண்டுவிட முடியாது. எதிரே வந்து நின்று நலம் விசாரித்தால்கூட, பாவம் நல்ல மனிதர் என்று நினைத்து ஏமாந்துபோவீர்கள். இவர்களுடைய சுயரூபம் தெரிய வேண்டுமானால், வீட்டில் ஏதாவது ஒரு சின்னச் சாமான் பழுதாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒரு திருகாணி கழன்று விழட்டும், ஒரு கதவு லேசாக முனகட்டும், அப்போது பாருங்கள். கண்ணில் ஒரு பளபளப்பு ஏறும். தலை ஒரு பக்கமாகச் சாயும். வாயிலிருந்து அந்த வாக்கியம் புறப்படும்: "அதான் ஆரம்பிச்சாச்சே, கையோட கையா இதையும் பண்ணிடலாமே!"

அவ்வளவுதான். அந்தக் குடும்பம் இனி எட்டு மாதத்துக்கு நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடாது.

நம்முடைய கையோடுகையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி உயரம். காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பொறுப்பு. யார் யாருக்கு என்னென்ன விபத்து வரலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதற்குத்தான் மாதாமாதம் சம்பளம். மனைவியார் மருந்துக் கடையில் மருந்தாளுநர். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. ஆனால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் அந்த உயரத்திலிருந்துதான் வரும். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண். மூன்று பேருக்கு ஒரு சமையலறை, அதில் ஒரு குழாய். அந்தக் குழாய் சொட்டியது.

குற்றம் எல்லாம் ஒரு வாஷர் மேல்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம். பத்து நிமிஷ வேலை. பிளம்பர் அதைச் செய்யத்தான் வந்தார், பையைத் திறந்து குறடைக் கையில் எடுத்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து கையோடுகையார் ஓரடி பின்னால் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, வாஷருக்காக எதற்கு மெனக்கெட வேண்டும், குழாயையே மாற்றிவிட்டால் என்ன என்று யோசித்தார். புதுக் குழாய்க்கு முன்னால் பாத்திரத் தொட்டி அசிங்கமாகத் தெரியுமே என்று பட்டது. தொட்டியை எடுத்தால் மேடைக் கல்லைத் தொட்டாக வேண்டும், கல்லைத் தொட்டால் கீழே உள்ள அலமாரிகள் நிற்காது, அலமாரி போனபின் சுவரில் பாதிக்கு டைல்ஸும் பாதிக்கு அழுக்குமாக இருப்பது நன்றாகவா இருக்கும், சுவர் புதுசு தரை பழசு என்றால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று போய், கடைசியில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவர், தன் பாட்டுக்கு யார் வம்புக்கும் போகாமல் இருபது வருஷமாக நின்றுகொண்டிருந்த அந்த அப்பாவிச் சுவர், அதன் மேல் அவர் பார்வை விழுந்தது. விரல் முட்டியால் அதைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"கையோட கையா இதையும் எடுத்துடலாமே?"

பிளம்பர் குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேஸ்திரிக்கு ஃபோன் போட்டார். அவருக்கு இந்த இனம் நல்ல பழக்கம்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார் மனைவியார்.

"மிஞ்சிப்போனா மூணு வாரம்."

மூன்று வாரம் என்பது கையோடுகையார்களின் பேச்சு வழக்கில் ஒரு மங்கலச் சொல். அதற்கும் காலண்டருக்கும் சம்பந்தம் கிடையாது.

அடுப்பு கூடத்துக்குக் குடிபெயர்ந்து டிவிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. செய்தி வாசிப்பவர் முகத்தில் தினமும் எண்ணெய் தெறித்தது. ஃப்ரிட்ஜ் படுக்கையறைக்குப் போய், அங்கே ஜன்னலோரமாக நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது. பாத்திரம் கழுவுவது குளியலறையில் என்று முடிவானது. அதன் பிறகு குளிக்கப் போகிறவர் முதலில் குக்கரை நகர்த்த வேண்டும், பிறகு தோசைக்கல்லைச் சாய்த்து வைக்க வேண்டும், சோப்பு எது பாத்திரத்துக்கு, எது மனிதருக்கு என்று முகர்ந்து பார்க்க வேண்டும். பெண் மூன்று நாள் பாத்திர சோப்பில் குளித்துவிட்டு, சருமம் பளபளக்கிறது என்று தோழிகளிடம் பெயர் வாங்கினாள். கரண்டிகள் செருப்பு அலமாரியில் இருந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. தூசியோ, கேட்கவே வேண்டாம், சர்க்கரை ஜாடியிலும் இருந்தது, தலையணைக்குள்ளும் இருந்தது, அல்ஜீப்ரா நோட்டிலும் இருந்தது. மனைவியார் மருந்துக் கடைக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போனாலும் அது சிமென்ட் நிறமாகவே போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே ஒருவர் மட்டும் மணமேடையில் உட்கார்ந்தவரைப் போல் பூரிப்பாக இருந்தார். யார் என்று சொல்ல வேண்டுமா?

சட்டைப் பையில் அளவு டேப், காதில் பென்சில். அலுவலகத்துக்கும் அப்படியேதான் போனார். உறவுக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே நேராகச் சமையலறைக்குள் நுழைந்து இழுப்பறைகளை இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார். டைல்ஸ் கடையில் வெள்ளை என்று கேட்டதற்கு, பால் வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை, மேக வெள்ளை, பல் வெள்ளை என்று பதினாறு வெள்ளைகளைக் காட்டினார்கள். பதினாறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாகச் சாய்த்து வைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, மாலை வெளிச்சத்தில் ஒரு தடவை என்று ஒன்பது நாள் பார்த்தார்.

"எது நல்லா இருக்கு சொல்லு?"

"எல்லாம் வெள்ளையா இருக்குப்பா," என்றாள் பெண்.

"உனக்கு ரசனையே இல்ல."

இதெல்லாம்கூட மன்னிக்கத்தக்கதுதான். மேடை விஷயம்தான் மோசம். உலகத்திலுள்ள சமையல் மேடைகளெல்லாம் யாரோ முகம் தெரியாத ஒருத்திக்காகக் கட்டப்பட்டவை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எல்லாருக்கும் ஒரே அளவில் செருப்பு தைத்தால் சும்மா இருப்போமா? மேடை என்பது சமைப்பவரின் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் ஆயுசுக்கும் முதுகு வலிக்காது. அவருக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம். அதையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷமாக அந்த முதுகு குனிந்ததை அவர் பார்த்திருக்கிறார், மனசு கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, சமையலறையில் இடிபடாமல் தப்பியிருந்த ஒரே ஒரு மேல் தட்டில் உப்பு டப்பா இருந்தது. எட்டாததால் மனைவியார் மூன்று டைல்ஸ் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்று அதை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் உள்ளே வந்தார் கையோடுகையார்.

"அப்படியே நில்லு! அசையாதே! கையோட கையா அளந்துடறேன். கையை மடக்கு."

"அடுப்புல முட்டை வெந்துட்டு இருக்கு."

"ஒரே நிமிஷம்மா."

டேப்பின் ஒரு நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியை முழங்கைவரை இழுத்தார். நாற்பத்து நாலு. அதில் நாலு போக நாற்பது. சுவரில் பென்சிலால் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். அவர் கண்ணுக்கு அந்த முழங்கையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை.

மேஸ்திரி அந்த வட்டத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், நாப்பது இன்ச்சா?"

"நாப்பதுதான்."

"நான் அம்மாவைப் பார்த்திருக்கேனே சார்."

"பார்த்தீங்க. அளந்தீங்களா?"

மேஸ்திரி சிமென்டைக் குழைக்கப் போய்விட்டார்.

ஏழாவது மாதக் கடைசியில் மனைவியார் தன் பொறுமையின் கணக்கை முடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை, அழவில்லை. குளியலறையில் வாணலியைத் தேய்த்துக்கொண்டே, கதவு வழியாகச் சொன்னார்.

"ஏங்க, ஒண்ணாம் தேதியிலேர்ந்து எனக்குப் பத்து நாள் லீவு. அன்னைக்குக் காலைல இந்த வீட்டுச் சமையலறையில நின்னு எனக்கு ஒரு டீ வேணும். இல்லேன்னா நானும் இவளும் அக்கா வீட்டுக்குப் போறோம்."

"அக்கா வீட்டுல என்ன இருக்கு?"

"அங்க மூணு வருஷமா குழாய் சொட்டுது. யாரும் கண்டுக்கறதில்ல. நிம்மதியா இருக்காங்க. பத்து நாள்னு சொன்னேன், ஆனா வேலை மாத்திக்கிட்டு அங்கேயே இருக்கவும் நான் தயார்."

பெண் அன்று மாலையே தன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் கையோடுகையார் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். வீடு என்று ஒன்றை அவர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார், அதில் இருக்க வேண்டியவர்கள் பெட்டி கட்டுகிறார்கள் என்றால், பதினாறு வெள்ளையில் எது இருந்தால் என்ன?

அதற்கப்புறம் அவர் அவராக இல்லை. நாலு வாரம் நாக்கைக் கட்டிப் போட்டார். "சார், கையோட கையா பால்கனியையும்..." என்று மேஸ்திரியே ஆசை காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டார். சமையலறை வாசலில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி, முடிகிறவரை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, எல்லாம் ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். உள்ளே கல் ஏறியது, அலமாரி ஏறியது, அடுப்பு திரும்பி வந்தது, புதுக் குழாய் மின்னியது. முப்பத்தோராம் தேதி சாயங்காலம் மேஸ்திரி கை கழுவிவிட்டு, என்றைக்கும் இல்லாத வேகத்தில் புறப்பட்டுப் போனார்.

ஒன்றாம் தேதி காலை. கூடத்தில் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன. கையோடுகையார் தார்ப்பாயை ஒரே இழுப்பில் விலக்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறித்தது. சுவர் இருந்த இடத்தில் வெளிச்சம் வந்து விழுந்தது. இழுப்பறைகள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. மனைவியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்லா இருக்குங்க," என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போய், பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கையை நீட்டினார்.

மேடை அவருடைய மார்பு உயரத்துக்கு இருந்தது. அடுப்பு கழுத்துக்கு வந்தது. பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கட்டைவிரலில் எம்பினார். தெரியவில்லை. மறுபடி எம்பினார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சண்டை என்று பார்க்கிறவரைப் போல இருந்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், பயனில்லை, சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"நீங்க... என்னை அளந்தீங்க இல்ல?"

"அளந்தேனே! அந்த சனிக்கிழமை, நீ உப்பு டப்பா எடுக்கறப்ப..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். உப்பு டப்பா. மேல் தட்டு. மூன்று டைல்ஸ் பெட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அங்குலம். முகத்தில் அசடு வழிந்தது. பெட்டிகள் இரண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பார். ஆனால் இனம் என்று ஒன்று இருக்கிறதே! அவர் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பார்வை தரைக்கு இறங்கியது. கண்ணில் அந்தப் பளபளப்பு.

"ஒண்ணும் பிரச்சினையே இல்ல. தரையை எட்டு இன்ச் ஏத்திட்டா சரியாப்போச்சு. அதுக்குத் தக்கபடி கதவை அறுத்து, கையோட கையா கூரையையும்..."

"நிறுத்துங்க," என்றார் மனைவியார்.

நிறுத்தினார்.

"இங்க வந்து நில்லுங்க. அடுப்புக்கு நேரா. கையை மடக்குங்க."

அவர் வந்து நின்றார், கையை மடக்கினார். மனைவியார் அவருடைய சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை உருவி, தரையிலிருந்து முழங்கைவரை பிடித்து, குனிந்து நிதானமாகப் படித்தார். நாற்பத்து நாலு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு இல்ல?" என்றார் மனைவியார்.

"ஆயுசுக்கும் அப்பாவுக்கு முதுகே வலிக்காது," என்றாள் பெண்.

டேப்பைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டு, அது இருந்த சட்டைப் பையில் ஒரு கரண்டியைச் செருகினார் மனைவியார். பிறகு கூடத்துக்குப் போய், எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"டீல சர்க்கரை கம்மியா போடுங்க," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மதியத்துக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. பொண்ணே, அந்தப் பெட்டியை உள்ள கொண்டுபோய் வை."

பெட்டிகள் உருண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் கையோடுகையாருக்கு உயிர் வந்தது. டீ கொதிக்கத் தொடங்கியது. குனியாமலே அதை எட்டிப் பார்க்க முடிந்தது. உண்மையிலேயே அருமையான மேடைதான் என்று நினைத்துக்கொண்டார். அப்போதுதான் பக்கத்தில் அந்தப் புதுக் குழாயிலிருந்து, மணியாக, ஒரு சொட்டு விழுந்தது.

அவர் தலை லேசாகச் சாய்ந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கரண்டிதான் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். குழாய்க்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு டீயை வடிகட்டப் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நானெல்லாம் அப்படி இல்லை, ஏதோ வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன், அவ்வளவுதான் என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் இதைப் படிக்கும்போது இரண்டு தடவை நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தீர்களே, அது எதற்கு? போகட்டும், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் கொஞ்ச நாளாகவே எதுவும் பேசாமல், உங்கள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பாதீர்கள்.