படத்தில் வந்த பெண்டாட்டி

"ஏனுங்க, உங்க பேரு போட்டு சினிமா வந்திருக்குதாமா? கீழ் வீட்டு ஓனரம்மா நஞ்சம்மா போஸ்டரப் பாத்துட்டு வந்து சொல்றாங்க."

பாப்பாத்தி இப்படிக் கேட்டதும் மாரிசாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். சர்க்கரை குறைவாக இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காகவே எழுந்து மொட்டை மாடிக்குப் போயிருப்பார். இன்று அதற்கு மனம் வரவில்லை.

"ஏதோ சின்னப் படம்" என்றார்.

"சின்னப் படமானாலும் உங்க கதைதானுங்களே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா!"

மாரிசாமிக்கு ஊதுபத்திக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. மிச்ச நேரத்தில் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவார். அதில் ஒன்றைச் சினிமாக்காரர்கள் வாங்கிச் சிரிப்புப் படமாக எடுத்துவிட்டார்கள். மைசூரில் வேறு எந்த எழுத்தாளருக்காவது இந்த யோகம் அடித்திருந்தால் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருப்பார். மாரிசாமி வீட்டில் மூச்சே விடவில்லை. அந்தக் கதை பாப்பாத்தியைப் பற்றியது.

முந்தின வருஷம் அவள் மனம் வெறுத்து மார்டள்ளிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாகக் கிடந்த ஆத்திரத்தில் அவர் எழுதியது அது. கதையில் புருஷன் வாயில்லாப் பூச்சி. பெண்டாட்டி தொட்டதற்கெல்லாம் முறைத்துக்கொண்டு, வாரக் கணக்கில் பேசாமல் இருந்தே அவனைக் கொல்லுகிறவள். பாப்பாத்தி படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாளே தவிர, எழுத்துக் கூட்டவும் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதினார். அது ஆடிப் பாடித் திரைக்கு வரும் என்று யார் கண்டது?

போனவள் திரும்பி வந்து, இப்போதுதான் பழையபடி கொஞ்சம் சிரிக்கிறாள். விஷயம் தெரிந்தால் மறுபடியும் பஸ் ஏறுவாள். இந்த முறை போனால் வரமாட்டாள்.

"போஸ்டர்ல ஒரு பொம்பள மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்குறாளாமா. அது ஆருங்க?"

மாரிசாமிக்கு அந்த நேரத்தில் அக்கா முகம்தான் ஞாபகம் வந்தது. "நம்ம பூவாத்தா அக்காதான். மச்சான் படற பாட்டை வெச்சு எழுதினேன். வெளிய சொல்லிடாதே."

பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பிடிப் போடுங்க! நான் ஏனுங்க சொல்றேன்?"

அவள் சொல்லவே இல்லை. மறுநாள் தேவராஜ மார்க்கெட்டில் வாழைப்பழம் வாங்கும்போது எதிரே வந்த நாத்தனாரைப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்து மட்டும் வைத்தாள். "என்னடி சிரிப்பு?" என்று பூவாத்தாள் விடாமல் குடைந்ததில், மிச்சம் தானாக வெளியே வந்துவிட்டது.

அன்று மத்தியானமே பூவாத்தாள் மண்டி மொஹல்லாவில் இருந்த கம்பெனிக்கு வந்து நின்றாள். சந்தன வாசனையையும் மீறி அவள் கோபம் மணத்தது.

"டேய் மாரி! உன்னைத் தூக்கி வளத்த கையிடா இது. என்னை சினிமாவுல நாறடிச்சிட்டியா?"

"அக்கா, மெல்லப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! நாளைக்குத் தியேட்டர்ல பாக்கத்தானே போறாங்க?"

அவளை ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப் போய், "சத்தியமா நீ இல்லக்கா. அது எங்க வீட்டு ஓனர் நஞ்சம்மா. அவங்க புருஷன் இருந்த காலத்துல அந்த மனுஷனைப் படுத்தின பாடு ஊருக்கே தெரியும். பாப்பாத்திகிட்ட சொன்னா வாடகை வீட்டுல சங்கடம்னு உன் பேரைச் சொன்னேன்" என்றார்.

பூவாத்தாள் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! சரி, நான் அந்தப் படத்தைப் பாத்தே ஆகணும்."

போகிற வழியில் தம்பி வீட்டுக்குள் நுழையப் போனவள், வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த நஞ்சம்மாவைக் கண்டாள். ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பது, சாயங்காலம் மாரிசாமி செருப்பைக் கழற்றும் முன்பே தெரிந்துவிட்டது.

"ரீ மாரிசாமி, இங்க வாங்க. நான் எங்க யஜமானரை அழ வெச்சேன்னு பிக்சர்ல போட்டிருக்கீங்களாமே, ஹௌதா, நிஜமா?" என்று நஞ்சம்மா தன் கன்னடத் தமிழில் பிடித்துக்கொண்டாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? இனிச் சொல்ல வேறு ஆளும் இல்லை. பாப்பாத்தி இருக்கும் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் போய் எழுதுவேனாம்மா? அது எங்க பாப்பாத்திதான். தயவு பண்ணி அவகிட்ட சொல்லிடாதீங்க."

"பாப்பாத்தியா?" நஞ்சம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆகட்டும். பிக்சரைப் பார்த்துட்டே பேசலாம். ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு நானே டிக்கெட் எடுக்கறேன். நாலு பேரும் போலாம்."

தலைவலி என்று சொல்லிப் பார்த்தார். பாப்பாத்தி தைலம் தேய்த்துவிட்டாள்.

தியேட்டரில் மூன்று பெண்களும் வரிசையாக உட்கார, மாரிசாமி ஓரத்து நாற்காலியில் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் பெண்டாட்டி தோசை முறுகவில்லை என்று தட்டைத் தள்ளினாள். மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் கீழே இருந்து கூப்பிட்டான்; வரவில்லை. மேலே ஏறிப் போய்க் கூப்பிட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, "யாருக்காக வரணும்?" என்று கேட்டபடியே இறங்கி வந்து ஆறு தோசை தின்றாள். தியேட்டரே அதிர்ந்தது. பூவாத்தாள் முதலில் சிரித்தாள். அடுத்து நஞ்சம்மா பாப்பாத்தியின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பாப்பாத்தி மட்டும் சிரிக்காமல் திரையையே உற்றுப் பார்த்தாள்.

இடைவேளையில் கடலைப் பொட்டலத்தோடு மூவரும் ஒரு தூண் பக்கம் ஒதுங்கினார்கள். தலைகள் ஒன்றுசேர்ந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின; மறுபடி ஒன்றுசேர்ந்தன. போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு நிச்சயமாயிற்று.

இரண்டாம் பாதியில் புருஷன் பொறுக்க முடியாமல் வீட்டை விட்டுப் போகிறான். எழுதும்போது, பாப்பாத்திக்குச் சரியான தண்டனை என்று நினைத்து அவர் செய்த மாற்றம் அது. தனியாக விடப்பட்ட பெண்டாட்டிக்கு என்ன ஆகும் என்று யோசித்தபோது கற்பனை ஓடவில்லை. அதனால் அந்த நாட்களில் தனக்கு நடந்ததையே எடுத்து எழுதினார். அடி பிடித்த சோறு. பேச்சுச் சத்தமில்லாத வீடு. வெளியே ஆட்டோ நிற்கும்போதெல்லாம் கதவுக்கு ஓடுவது. வந்தது பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்ததும், காற்று வாங்க வந்த மாதிரி வானத்தைப் பார்ப்பது.

அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாப்பாத்தி அழுதுகொண்டிருந்தாள்.

படம் விட்டதும் வெளியே தூறல். பூவாத்தாள் தம்பியின் கன்னத்தைத் தட்டி, "பரவால்லடா மாரி, உள்ளதை உள்ளபடி எழுதிட்டே" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். இனி மறைத்துப் பயனில்லை. மாரிசாமி மனைவி பக்கம் திரும்பினார்.

"பாப்பாத்தி, அந்தப் பொம்பள வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுத்தெருவில், இத்தனை வருஷத்தில் இல்லாதபடி அவர் கையைப் பிடித்தாள். "நான் ஊருக்குப் போனப்ப நீங்க கல்லாட்டம் இருந்திருப்பீங்கன்னு நெனச்சேன். இனி எங்கயும் போகலீங்க."

அவள் ஏன் கோபிக்கவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. குடையை விரித்தபடி நஞ்சம்மா பக்கத்தில் வந்தாள்.

"ஆனா உங்க தைரியம் யாருக்கு வரும் மாரிசாமி! எந்த ஆம்பளை தனக்குத்தானே சேலை கட்டி, ஊர் முன்னால கொண்டு வந்து நிறுத்துவான்?"