பச்சைத் தேநீரும் வக்கீலின் தோளளவும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தையல் மெஷினும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளும் சுகம்தானே? நேற்று அங்கே வந்து சேர்ந்த உங்கள் அத்தையையும் கேட்டதாகச் சொல்லவும்.

நான் அளவை எழுதி வைக்கிற தையல்காரன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். டேப்பைச் சுற்றி எண்ணைச் சத்தமாகச் சொன்னால் போதும், தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட நான் போன மாதம் தலைமையாசிரியரின் கால்சட்டையை வக்கீல் அளவுக்குத் தைத்துவிட்டேன். மனிதர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே பள்ளிக்கூடம் போய்த் திரும்பினார். "இன்னொரு தடவை தப்பாச்சுன்னா கத்தரிக்கோலை நான் வாங்கி வச்சிடுவேன், கடையை மூடிட்டு உக்காருங்க" என்று உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். சிரித்து மழுப்பினேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துபோனேன், மாப்பிள்ளை. என் அப்பா கடைசியில் என் பெயரையே மறந்தவர்.

அப்போதுதான் நீங்கள் போனில் அந்த நொதியைப் பற்றிச் சொன்னீர்கள். மூளையில் செய்தி கொண்டுபோகும் பொருளை அது கத்தரி மாதிரி நறுக்குகிறது, பச்சைத் தேயிலையில் இருக்கும் சில பொருள்கள் அந்தக் கத்தரியை மழுங்கடிக்கலாம் என்றீர்கள். கத்தரி என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சோதனைக் குழாயில் பார்த்ததுதான், மனிதர்களுக்கு இன்னும் உறுதியில்லை என்று பிறகு ஏதோ சொன்னீர்கள். அதற்குள் நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன்.

அன்று பிடித்துக் குடம் குடமாகக் குடிக்கிறேன். தூக்கம் போச்சு, பாத்ரூமுக்கும் மெஷினுக்கும் நடந்தே செருப்பு தேஞ்சு போச்சு, ஒருநாள் டேப்பைக் கோப்பையில் முக்கிவிட்டுத் தேயிலைப் பையின் நூலோடு டாக்டரம்மாவின் தோளை அளக்கப் போய் அவர் புடவையெல்லாம் பச்சைத் தண்ணி. ஆனால் பலனைக் கேளுங்கள், அதற்குப் பிறகு ஒரு தப்புகூட இல்லை. அதுவும் உங்கள் அத்தையின் தொந்தரவுக்கு நடுவில். முன்பெல்லாம் இல்லாத பழக்கம், இப்போது நான் துணியை விரித்தால் போதும், திரைக்குப் பின்னாலிருந்து வம்பளக்க ஆரம்பித்துவிடுகிறாள். "வக்கீலுக்கு வயிறு நாப்பத்திநாலு ஆயிடுச்சே, கொஞ்சம் நடக்கக் கூடாதா" என்பாள். தலைமையாசிரியர் இடுப்பு முப்பதிலேயே நிற்கிறதே, வீட்டில் சோறு போடுகிறார்களா என்று கவலைப்படுவாள். நான் காதில் வாங்காமல் வெட்டிக்கொண்டே போவேன். அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் கடை நிம்மதியாக இருக்கிறது. அவளைப் பத்து நாள் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எலிகளை விட்டுவிட்டு என்னைப் பற்றியே நீங்கள் ஒரு கட்டுரை எழுதலாம். புகைப்படம் அனுப்பத் தயார். நீங்கள் இருவரும் ஒன்றையும் மறக்காமல் நீண்ட காலம் வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வக்கீல் வந்து, பழைய அளவிலேயே இன்னொரு கோட்டு என்று துணியைக் கொடுத்துப் போனார். வயிறு மேலே எழுதியிருப்பதால் தப்பித்தேன். தோளளவு, மூன்று கோப்பை குடித்தும் வரவில்லை. கத்தரியைப் பிடித்தபடி நிற்கிறேன். அத்தையிடம் பேச்சுவாக்கில் வக்கீலின் தோளைப் பற்றி வம்பளந்து பாருங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், ஆராய்ச்சிக்கு என்று சொல்லுங்கள். பத்து நாளெல்லாம் வேண்டாம், உடனே பஸ் ஏற்றிவிடுங்கள். தேயிலை அனுப்ப வேண்டாம், அத்தையை அனுப்பினால் போதும்.