ஆறு ஸ்டூலும் உட்காராத கடையும்

அன்புள்ள மாப்பிள்ளை வினோத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையிலிருந்து உன் அத்தான் காசிராஜன் எழுதுவது. நானும் உன் அக்கா இந்துவும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமிக்கு அர்ச்சனை செய்தோம். போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

வரும் வியாழக்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி நம் தெருக் கடைகளைப் பார்க்க வருகிறார். 'நிக்கிற ஆளுகளுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு அத்தான். அவர் வந்து கேக்குறதுக்கு முன்ன நீங்களே செஞ்சிருங்க' என்று போன மாதம் கிளப்பிவிட்டவன் நீதான். நானும் ராஜபாளையம் போய் ஆறு ஆட்களுக்கு ஆறு ஸ்டூல் வாங்கி வந்தேன். முதல் நாள் ஆறிலும் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர், மனைவி நாற்பதாவது சேலையைப் பிரிப்பதற்குள் குறட்டையே விட்டுவிட்டார். மறுநாள் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டினேன். ஒரு அம்மா படித்துவிட்டு, 'துணி எடுக்க வந்தவ நிக்கணுமாக்கும்?' என்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்டூல் காலியாகக் கிடந்தும் நம் ஆட்கள் ஒருவர்கூட உட்காரவில்லை. ஜெயபாண்டி மட்டும் ஒரு தடவை உட்கார்ந்தான். கல்லாவிலிருந்து நான் திரும்பியதும் துள்ளி எழுந்ததில் வேட்டி அடுக்கு மொத்தமும் அவன் தலையில் சரிந்தது. பொறுக்க முடியாமல், 'எல்லாரும் உக்காருங்க!' என்று சத்தம் போட்டேன். அம்புட்டுப் பேரும் வரிசையாக வந்து கைகட்டி நின்று, 'சொல்லுங்க முதலாளி' என்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிகாரி பார்த்தால் ஸ்டூலெல்லாம் அவருக்காகப் போட்ட வேஷம் என்றல்லவா எழுதிக்கொள்வார்! கடைக்கு நோட்டீஸ் வந்தால் இந்தத் தெருவில் நான் எப்படித் தலைகாட்டுவது? இவ்வளவு மரியாதை தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டை யாரிடம் சொல்ல? நீ மில்லில் தொழிலாளர் நல அதிகாரியாக இதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். புதன்கிழமை பஸ் ஏறி வந்து, எப்படி உட்காருவது என்று இவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடு.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். வரும்போது அக்காவுக்கு எதுவும் வாங்க வேண்டாம், நீ வந்தால் போதும்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத உன் அத்தான்,
காசிராஜன்

பி.கு.: எழுதி முடித்து நிமிர்ந்தால் ஆறு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்! நான் குனிந்திருந்த தைரியம்போல. சந்தோஷத்தில் பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். 'என்ன, எல்லாருக்கும் வேலை முடிஞ்சு போச்சோ?' என்று வந்துவிட்டது. அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். கடையில் மூத்தவரான பரிபூரணம், வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே, 'பதினெட்டு வருசமா, உக்காந்தா இதத்தான கேக்கீக முதலாளி' என்றார். வெட்கமாகப் போய்விட்டது மாப்பிள்ளை. நீ கட்டாயம் வா. அவர்களுக்கு உட்காரத் தெரிகிறது. வகுப்பு எனக்கு எடு. ஒரு நாளில் நான் தேற மாட்டேன் என்று தோன்றினால், வியாழக்கிழமை என்னைக் கடையிலிருந்து எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடு.