ஹாலும் டெரஸும் ஒரே மட்டம்

ஒரு காட்டில், மனை விற்பவர்கள் இன்னும் கல் நட்டு முடிக்காத மூலையில், தங்கசாமி என்ற ஆமையும் அவர் மனைவி செண்பகமும் சொந்த வீடு கட்டத் தொடங்கினார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பேச்சு இருந்ததால் அவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை.

செண்பகம் கேட்டது ஒன்றுதான். ஹாலை ஒட்டி வெயில் விழும் டெரஸ் வேண்டும்; இடையில் படி இருக்கக் கூடாது. கடைசியாகக் குடியிருந்த வீட்டில் இரண்டு இஞ்ச் படி ஒன்று இருந்தது. அதில் இறங்கும்போது அவர் மல்லாந்து விழுந்தார். தங்கசாமி சந்தைக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வர இரண்டு நாள் ஆனது. அதுவரை செண்பகம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வேலைக்கு வந்தவர் சுடலைமுத்து மேஸ்திரி. குளவி. மண் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"வெளித்தளம் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கணும் அண்ணாச்சி. இல்லேன்னா மழைத்தண்ணி உள்ள வந்துரும்" என்றார்.

"கதவுக்கு வெளியே ஒரு வாய்க்கால் வெட்டி மேல கம்பிச் சல்லடை போடுங்க. தண்ணி அதுல இறங்கிரும். ரெண்டும் ஒரே மட்டமா இருக்கணும்" என்றார் தங்கசாமி.

"போட்டுருவோம்."

மேஸ்திரி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் கான்கிரீட் போட்டார். பிறகு ஹாலில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு இஞ்ச் ஏறின. டெரஸில் தண்ணீர் ஓடச் சரிவு, ஒழுகாமலிருக்கப் பூச்சு, அதன்மேல் ஓடு என்று நாலு இஞ்ச் ஏறியது. கான்கிரீட் போடும்போதே வெளியே இரண்டு இஞ்ச் இறக்கியிருக்க வேண்டும். இது எல்லோருக்கும் போட்ட பிறகுதான் தெரிந்தது.

"டெரஸை உடைச்சா பூச்சு போயி தண்ணி ஒழுகும். ஹாலை ரெண்டு இஞ்ச் தூக்கிருவோம்" என்றார் மேஸ்திரி.

தூக்கினார். ரெண்டுக்குப் பதில் ஐந்து இஞ்ச் ஏறி, ஹால் டெரஸைவிட மூன்று இஞ்ச் உயரமாகிவிட்டது. செண்பகம் டெரஸுக்கு நடந்து பார்த்தார். மல்லாந்து விழுந்தார். தங்கசாமி பக்கத்திலேயே இருந்ததால் அன்று அரை மணி நேரத்தில் புரட்டிவிட்டார்.

அடுத்து டெரஸைத் தூக்கினார்கள். அது ஹாலைவிட ஓர் இஞ்ச் கூடிப்போனது. மறுபடி ஹால். மறுபடி டெரஸ். ஒவ்வொரு முறையும் முன்வாசலில் மண் கொட்டிச் சாய்வை நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் தச்சர் மரங்கொத்தி வந்து கதவின் அடியை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நிறுத்திக்குவோமா?" என்று ஒருநாள் தங்கசாமி கேட்டார்.

"விழுறது நீங்க இல்லையே" என்றார் செண்பகம். அதற்குப் பிறகு தங்கசாமி அதைக் கேட்கவில்லை.

மூன்று மழைக்காலம் போயின. இருபத்து மூன்றாவது முறை மேஸ்திரி ரசமட்டத்தை வாசலின் குறுக்கே வைத்தார். குமிழி நடுவில் நின்றது. செண்பகம் ஹாலிலிருந்து நடந்தார். சல்லடையைத் தாண்டினார். வெயில் முதுகு ஓட்டில் பட்ட பிறகுதான் வெளியே வந்துவிட்டது அவருக்குத் தெரிந்தது. அன்று முழுக்க உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தார். மொத்தம் நாலு முறை.

ஹாலில் தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி மிச்சமிருந்தது.

மின் இணைப்புக்கு நிறைவுச் சான்றிதழ் வேண்டும். கட்டட ஆய்வாளர் வந்தார். அவர் கரடி. சாய்வில் ஏறி, குப்புறப் படுத்து, மூக்கை மட்டும் உள்ளே விட்டார்.

"உள்ள வாங்க சார்" என்றார் செண்பகம்.

"எப்படிம்மா வர?"

"தவழ்ந்து வரலாமே."

"அறைக்குள்ள நின்னு உயரத்தை அளக்கணும்னு படிவத்துல இருக்கு." ஆய்வாளர் படிவத்தைச் சாய்வில் விரித்தார். பிறகு 'அறையின் உயரம் ஒன்பது அடிக்குக் குறையாமல் உள்ளதா' என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினார். 'தடுக்கி விழும் படி உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து மனையில் ஒரு கீரி வீடு கட்டியிருந்தார். ஆய்வாளர் அதற்குள் தாராளமாக நுழைந்து, நிமிர்ந்து நின்று அளந்தார். எட்டடி பதினோரு இஞ்ச். ஓர் இஞ்ச் குறைவு என்று வீட்டைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்.

நீதி: தவறு செய்வதென்றால், அளக்க வருபவர் உள்ளே நுழைய முடியாத அளவுக்குச் செய்ய வேண்டும்.