ராஜகுமாரியின் படம்

‘இந்தப் படம் உங்கள் சொந்தப் படைப்பா?’ என்று கணினி கேட்டது. கோமதிசங்கர் கொஞ்சமும் யோசிக்காமல் ‘ஆம்’ என்பதை அழுத்தி, விளக்கத்தில் ‘என் மனைவி’ என்று எழுதினார்.

அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் மணல் குழிக்கு மேல் பறந்துகொண்டிருந்தது அவர் மனைவி; கீழே அவள் பெயரும் அச்சாகியிருந்தது. படம் வந்த செய்தித்தாளைக் காசு கொடுத்து வாங்கியது அவர் அப்பா. அதைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் மாட்டி வைத்திருப்பது அவர். இதற்கு மேல் ஒரு படம் எப்படிச் சொந்தமாக முடியும்?

ராஜகுமாரி ஒரு காலத்தில் நீளம் தாண்டியவள். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கியவள். இணையக் கலைக்களஞ்சியத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவளைப் பற்றி நான்கு வரி எழுதியிருப்பதைக் கோமதிசங்கர் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு பொம்மை இருந்தது. அதைப் பார்த்தபோது அவருக்கு மனசு என்னவோ செய்தது. வானத்தில் மிதந்தவளை இப்படி ஒரு பொம்மையாக உலகம் பார்க்க வேண்டுமா?

மறுநாள் சங்கரன்கோவிலில் தன் மோட்டார் பம்புக் கடையைத் திறந்ததும் கணினியைப் பார்த்தார். படம் இல்லை. ஒரு செய்தி இருந்தது. எழுதியவர் நஸ்ரின் பானு, கடையநல்லூர். கலைக்களஞ்சியத்தில் தன்னார்வமாக வேலை செய்கிறவர்.

‘வணக்கம் ஐயா. இது பழைய செய்தித்தாள் படம்போல் தெரிகிறது. படத்தில் இருப்பவர் உங்கள் துணைவியாராக இருந்தாலும், காப்புரிமை படம் எடுத்தவருக்கோ பத்திரிகைக்கோ உரியது. அவர்களுடைய அனுமதி இருக்கிறதா?’

அந்தப் பத்திரிகை நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. யாரிடம் கேட்பது? கோமதிசங்கர் பக்கத்து ஜெராக்ஸ் கடை ராமசுப்புவிடம் போனார்.

“காப்புரிமையா?” ராமசுப்பு எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினார். “நான் பொழுதன்னைக்கும் அடுத்தவன் எழுதுனதத்தான் நகல் எடுக்கேன். ஒருத்தனாவது வந்து கேட்டிருப்பானா?”

“இங்கன கேக்காங்களே வே.”

“படம் எடுத்தவனுக்குத்தான் சொந்தம்னு சொல்லுதாங்க, இல்லையா? அப்ப நீரு எடும்.”

“எதை?”

“அந்தப் படத்தைத்தான். போனை வச்சுப் படத்தைப் படம் எடும் வே. அப்ப அது நீரு எடுத்த படம்தான?”

கோமதிசங்கருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றி, மாடியில் வெயிலில் நாற்காலி போட்டு அதன்மேல் சாய்த்து வைத்தார். துணி காயப்போட வந்த ராஜகுமாரி நின்று பார்த்தாள்.

“என்னத்துக்குங்க அதை வெயில்ல போட்டிருக்கிய? வத்தலா?”

“ஒன்னை உலகம் பூரா பாக்கப்போகுதுட்டி.”

“அந்தப் படம் வேண்டாமே,” என்றாள். ஒரு சேலையை உதறினாள். “மூஞ்சி பாதி முடியில மறைஞ்சு கெடக்கு.”

அது அவளுடைய அடக்கம் என்று கோமதிசங்கர் நினைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தானும் கேட்கவில்லை என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் அவருக்கு உறுத்த ஆரம்பித்திருந்தது.

புதிய படம் வெயில் பளபளப்போடும் அவர் கட்டைவிரல் நிழலோடும் கலைக்களஞ்சியத்தில் ஏறியது. மறுநாள் இறங்கியது. அதோடு, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டு அவர் உண்மையாகவே எடுத்துப் போட்டிருந்த தேர்ப் படத்தின் மேலும் ஒரு சிவப்புப் பட்டை விழுந்திருந்தது. ‘இந்தப் பயனரின் மற்ற படங்களும் ஐயத்துக்குரியவை.’

“இப்ப நான் திருடன் ஆயிட்டேன் வே.”

ராமசுப்பு அவசரமாக ஒரு ஆதார் அட்டையை நகல் எடுக்கத் தொடங்கினார்.

நஸ்ரின் பானு மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார். ‘ஐயா, நியாயமான பயன்பாடு என்று ஒரு வழி உண்டு. காப்புரிமை உள்ள படத்தையும் சிறிய அளவில் பயன்படுத்தலாம். ஆனால் வேறு படம் கிடைக்க வழியே இல்லாதபோது மட்டும். மறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதிப்போம். உங்கள் துணைவியார் நலமாக இருக்கிறாரே! இன்றைக்கே நீங்கள் ஒரு படம் எடுத்துவிடலாமே.’

அவர் இதைப் படித்துக் காட்டியதும் ராஜகுமாரியின் முகம் மலர்ந்தது.

“அந்தப் பிள்ளை சரியாத்தான சொல்லுது? இருங்க, வாரேன்.”

உள்ளே போய்ப் பச்சைப் பட்டு உடுத்தி, பவுடர் போட்டு, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கல்யாண வீடுகளில் கேமராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிறவள் அவள். இத்தனை ஆசையாக அவள் படத்துக்கு உட்கார்ந்து கோமதிசங்கர் பார்த்ததில்லை. நாலைந்து எடுத்தார். போனில் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்கில் கண்ணாடித் தழும்போடு ஒரு அம்மாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“பெறகு?”

“அந்தப் படம் மாதிரி வரல.”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “அதுல அப்படி என்னதான் இருக்கு?”

“அதைப் பாத்துத்தானட்டி ஒன்னக் கட்டுனேன். பொண்ணு பாக்கக்கூட வரலயே. அந்தப் பேப்பரை ஒரு தடவ பாத்தேன், சரின்னுட்டேன்.”

“அந்தப் படம் இல்லன்னா கட்டியிருக்க மாட்டியளோ?”

“சத்தியமா மாட்டேன்,” என்றார் கோமதிசங்கர், வேடிக்கையாக.

அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையிலிருந்து பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் நாரை விரலில் சுற்றினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் வேறெதையோ சொன்னாள்.

“நான் உசிரோட இருக்கதுதான் ஒங்க படத்துக்கு இடைஞ்சல்.”

துரதிருஷ்டவசமாக, அவள் பேசியதில் இந்த ஒரு வாக்கியம்தான் அவர் மனதில் நின்றது.

மறுநாள் கடையில், நியாயமான பயன்பாட்டுக்கான படிவத்தைத் திறந்தார். ‘படத்தில் இருப்பவர்: வாழ்பவர், மறைந்தவர்.’ இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்துக்குத்தான் அம்புக்குறியைக் கொண்டுபோனார். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் படத்தில் பறக்கிற இருபது வயதுப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? வீட்டில் அவளைத் தேடினால் கிடைப்பாளா? அவள் ஒருவகையில் இல்லைதானே. தத்துவம் கை கொடுத்தது. ‘மறைந்தவர்’ கட்டத்தில் டிக் அடித்தார்.

படம் ஏறியது. தங்கியது.

அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் காட்டினார். வயல் கிணற்று மோட்டார் கருகிப்போய்த் தூக்கி வந்திருந்த மேலநீலிதநல்லூர் சம்சாரி ஒருவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“அண்ணாச்சி, ‘வீராங்கனையாக இருந்தார்’னுல்லா போட்டிருக்கு?”

“இப்ப தாண்டலல்லா. அதான்.”

“கீழ இன்னைக்குத் தேதி போட்டு ‘இறப்பு’ன்னு இருக்கே?”

கோமதிசங்கர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். யாரோ ஒரு சுறுசுறுப்பான பங்களிப்பாளர் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கி வைத்திருந்தார். நஸ்ரின் பானுவின் செய்தியும் வந்திருந்தது. ‘ஆழ்ந்த இரங்கல் ஐயா. படம் எடுங்கள் என்று நான் சொன்னபோது உடல்நலமில்லாமல் இருந்தாரா? என் வற்புறுத்தல் சிரமம் தந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.’

அவசரமாக இறப்புத் தேதியை அழித்து, ‘உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அது மறைந்து பழையது திரும்பி வந்தது. ‘சான்று தேவை.’

‘நான் அவள் புருஷன்,’ என்று எழுதினார்.

‘அது சான்றாகாது. நம்பகமான, வெளியிடப்பட்ட ஆதாரம் தேவை.’

காலையில் இட்லி அவித்துத் தந்தவளுக்கு எந்தப் பத்திரிகையில் ஆதாரம் தேடுவது? கடையைச் சம்சாரியிடமே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். வழியெல்லாம் திரையில் கண்ட அந்தச் சொல் கூடவே வந்தது. இறப்பு. அவர் டிக் அடித்த பொய்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்த பிறகு, அதைப் பார்க்காதவராக ஆக முடியவில்லை. நினைவில் வந்தது பறக்கிற பெண் இல்லை. தனக்குத் தெரியாமல் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் நிற்கிறவள்தான் வந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது.

உள்ளே, மாடியிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்த நாற்காலிமேல் சாய்ந்திருந்த படத்துக்கு முழங்கை கனத்தில் ஒரு மல்லிகை மாலை. பக்கத்தில் மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து கோமதிசங்கரைக் கட்டிக்கொண்டார்.

“நான் தாவீது. முன்னாள் விளையாட்டு வீரர்கள் சங்கச் செயலாளர். நெட்டுல பாத்ததும் கெளம்பி வந்துட்டோம். தைரியமா இருங்க அண்ணாச்சி. இந்த நேரத்துலயும் கடைக்குப் போயிருக்கியளே, வீட்டுல இருக்க மனசு தாங்கலயோ? ஒங்க கொழுந்தியாதான் காப்பி குடுத்தாங்க. அக்கா சாயல் கொஞ்சங்கூட இல்ல.”

ராஜகுமாரி தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். முகத்தில் வெட்கம் கலந்த பெருமை.

“ஏங்க, எனக்குப் பாராட்டு செய்ய வந்திருக்காங்க போல. படத்துக்கு மாலையெல்லாம் போட்டாங்க. ஆனா ஏன் அழுதாங்கன்னுதான் தெரியல.”

“இவதான் ராஜகுமாரி,” என்றார் கோமதிசங்கர்.

தாவீதுக்குக் காப்பி புரையேறியது. ராஜகுமாரிதான் ஓடிப்போய் அவர் தலையில் தட்டினாள்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டு, மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு, வேனில் ஏறிப் போனார்கள். வீடு அமைதியானது. கோமதிசங்கர் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கட்டங்கள், ஒரு டிக்.

“என்னைய நீங்களே கொன்னியளாக்கும்?”

“படத்துக்காகத்தான்.”

“இப்ப நான் உசிரோட இருக்கேன்னு எழுத முடியாதோ?”

“சான்று கேக்காங்கட்டி.”

அவள் அவரையே பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய, காலி டம்ளர்களைத் தட்டில் கிலுகிலுக்க வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நெடுநாளாக எங்கேயோ காத்துக் கிடந்ததுபோல் வந்தது.

கோமதிசங்கர் போனை எடுத்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு படம் எடுத்தார். பார்த்தார். கொஞ்சம் ஆடியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

“இதுதாண்டி படம்.”

“அப்ப அது?” அவள் மாலைக்குள் இருந்த பெண்ணைக் காட்டினாள்.

“அது கெடக்கு. எவன் எடுத்ததோ. இது நான் எடுத்தது.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் வெளையாட்டா சொன்னேன். பேப்பரே வராம இருந்தாலும் ஒன்னத்தான் கட்டியிருப்பேன்.”

மாலையைக் கழற்றப் போனார்.

“இருக்கட்டும். பூ வாடலல்லா,” என்றாள். தட்டைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “ஏங்க, ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு...”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலைமுடி முழுக்க நரைத்த, நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு அம்மாள் அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்தாள். ராஜகுமாரியைக் கண்டதும் உறைந்து நின்றாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி கொடுத்துக் கட்டிக்கொண்டாள்.

“பாவி, ஒரு நிமிசத்துல என்னைக் கொன்னுட்டியேட்டி!”

“சுமதி,” என்றாள் ராஜகுமாரி. அவள் முகம் வெளுத்திருந்தது. கணவரிடம் திரும்பாமலே சொன்னாள், “என்கூடப் போட்டிக்கு வந்தவ. ரயில்வேயில வேலை கெடச்சு வடக்க போயிட்டா. இப்பதான் மதுரைக்கு வந்திருக்கா.”

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, குனிந்து, இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“அது சரி ராசு, செத்தது நீன்னுதான சொன்னாங்க? என் படத்துக்கு எதுக்குட்டி மாலை போட்டு வச்சிருக்கிய?”