நூலகத்துல எடுத்த பட்டர் பீன்ஸ்

நேத்து எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஊர் நூலகத்துல ரெண்டு சௌசௌவக் குடுத்துட்டு, பட்டர் பீன்ஸ் விதை வாங்கிட்டு வரணும்.

நூலகத்துல ஏது விதைன்னு கேக்குறீங்களா? கொடைக்கானல்ல இப்ப அதுதான் ஃபேஷன். ஒரு மர டிராயர்ல விதையாப் போட்டு வச்சிருக்காங்க. நம்ம விதையக் குடுத்துட்டு வேண்டியத எடுத்துக்கலாம். வெளஞ்சதும் அதுல கொஞ்சம் திருப்பிக் குடுக்கணும்.

புத்தகத்தையே திருப்பிக் குடுக்காத ஊரு இது!

ஆனா எனக்கு வேற வழியில்ல. நான் வருசக்கணக்கா காப்பாத்தி வச்சிருந்த கொடி பட்டர் பீன்ஸ, போன மாசம் காட்டுமாடு வேலிய மிதிச்சு உள்ள வந்து வேரோட மேஞ்சுட்டுப் போயிருச்சு. விதை எடுத்து வைக்கலையான்னு கேக்காதீங்க. கொடியிலயே நல்லாக் காயட்டும்னு விட்டிருந்தேன். அம்புட்டு அறிவு! கடையில கெடைக்கிற விதையெல்லாம் கொடி ஏறாத குத்துச்செடி. அதத் திங்கிறதுக்குச் சும்மா இருக்கலாம்.

வெள்ளனே கெளம்பிட்டேன். மொள விட்ட சௌசௌவ மேசையில வச்சதும் நூலகர் பின்னால நகந்துட்டாரு.

"என்னங்க மேடம் இது?"

"விதை சார்."

"காய்ங்க இது!"

"சௌசௌவுக்குக் காயேதான் விதை சார். முழுசாத்தான் நடணும்."

"உள்ள இருக்குறத மட்டும் எடுத்து ஒரு கவர்ல போட்டுக் குடுங்களேன். டிராயர் மூடணும்ல?"

மலையிலயே பொறந்து வளந்த மனுசன்! தலையில அடிச்சுக்கிட்டு ஒரு கிளாஸே எடுத்தேன். பாவம், காது வலிச்சிருக்கும். "சரிங்க, அங்கயே இருக்கட்டும், நீங்க போயி வேண்டியத எடுங்க"ன்னாரு.

டிராயரத் தொறந்தா சிரிப்புத்தான் வந்துச்சு. ஒருத்தர் பப்பாளி விதை வச்சிருக்காரு. இந்தக் குளிருல பப்பாளி! இன்னொரு கவர்ல 'அன்போடு வளருங்கள்'னு பூப்படம் எல்லாம் போட்டிருந்துச்சு. உள்ள பாத்தா தாளிக்கிற கடுகு.

அடியில ஒரே ஒரு பொட்டலம் கெடந்துச்சு. 'போளூர் கொடி பட்டர் பீன்ஸ்.' இங்க மேல்மலையில இருக்குற போளூரு.

சட்டுன்னு எடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டேன், நெசமாத்தான்.

திரும்பி வந்தா மேசையில சௌசௌவக் காணோம். பின்ரூம்ல டக் டக்னு சத்தம். எட்டிப் பாத்தா, நூலகத்தக் கூட்டிப் பெருக்குற அக்கா அருவாமனையோட உக்காந்திருக்காங்க.

"அய்யோ அக்கா, என்ன பண்றீங்க?"

"மதியத்துக்குக் கூட்டுங்க. யாரோ மொளச்ச காய மேசையில போட்டுட்டுப் போயிட்டாங்க. வீணாப் போயிருமேன்னுதான்."

ஒண்ணு துண்டு துண்டா சட்டியில கெடக்கு. இன்னொண்ணப் பறிச்சுட்டு வந்து நூலகர்கிட்ட நீட்டினேன்.

"விதையோட அரும தெரியாத சனங்க சார்! கண்ணுல பட்டதெல்லாம் அடுப்புலயா ஏத்துறது?"

அவரு சங்கடமாச் சிரிச்சாரு. "கோச்சுக்காதீங்க மேடம், பொட்டலத்த எடுத்துக்கங்க. ஆனா வெளஞ்சதும் மறக்காமக் குடுத்துருங்க. போளூர்க்காரர் ஒருத்தர் நம்பிக் குடுத்தது. இப்ப அவருகிட்டயே விதை இல்லையாம்."

"எங்கிட்ட வந்துருச்சுல்ல சார், இனி கவலைய விடுங்க"ன்னு கெத்தாச் சொல்லிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வெரசா மொளைக்கட்டும்னு மொத்த விதையையும் கிண்ணத்துல ஊறப் போட்டேன். அப்புறம் தோட்டத்துல எறங்கி வேலியக் கட்டி, பாத்தி கொத்தி, கொடி ஏற கம்பு ஊனினேன். இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. சாயங்காலம் விதைய எடுக்க உள்ள போனா, ஆள அசத்துற வாசன.

அடுப்படியில எங்க வீட்டுக்காரர்! கல்யாணம் ஆனதுலருந்து காப்பிகூடப் போடாத மனுசன், கையில கரண்டியோட நிக்கிறாரு.

"காலையிலருந்து கஷ்டப்படுறியேன்னு நானே கொழம்பு வச்சுட்டேன். ஊறப் போட்டு வச்சிருந்தியே, அதான்! மலைப்பூண்டு தட்டிப் போட்டிருக்கேன்."

"எம்புட்டுங்க போட்டீங்க?"

"எல்லாத்தையுந்தான். இருந்ததே ஒரு கைப்பிடி. அதுல போயி மிச்சம் வைப்பாங்களா?"

குக்கரத் தொறந்து கரண்டியால தொழாவினேன். ஒண்ணுகூட முழுசா இல்ல. அப்படி ஒரு வேக்காடு! எனக்கு அழுகையா வந்துச்சு. அவரு பாராட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாரு.

சொல்லவே கேவலமா இருக்கு. கொழம்பு அருமையா இருந்துச்சு. ரெண்டாவது தடவயும் ஊத்திக்கிட்டேன்.

நூலகத்துல எடுத்தத சோத்துல பெசஞ்சு தின்னு முடிச்ச மொத மெம்பர் நாந்தான்.