பாதுகாப்புக்கு ஒரு வாரம்

வரதன் ஐந்தரைக்கு எழுந்தார். குழாயில் தண்ணீர் வரும்வரை காத்திருந்தார். குளித்தார், சவரம் செய்துகொண்டார், இரண்டு இட்லி சாப்பிட்டார். ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி போகத் தட்டினார். தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது வக்கீல் சங்கத்தின் மாதச் சுற்றறிக்கையைப் பிரித்தார். அதில் 'வக்கீல்களுக்கு எச்சரிக்கை' என்ற பகுதி அவர் எழுதுவது.

இந்த மாதம் அப்பீல் கெடுவைப் பற்றி எழுதியிருந்தார். கெடுவை இரண்டு டயரிகளில் குறிக்க வேண்டும். தவறிவிட்டால் அன்றே கட்சிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உதாரணத்துக்கு, வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஒரு தீர்ப்பு. அப்பீலுக்குக் கடைசி நாள் பதினொன்று.

அன்று பன்னிரண்டு.

உதாரணம் கற்பனையல்ல. ராயபுரத்தில் ஒரே அறையில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் மீன்காரி சிலுவையம்மாளின் வழக்கு அது. சங்கத்து வக்கீல்கள் இருநூறு பேரிடமும் அவளுடைய தேதி இருந்தது. வரதனின் இரண்டு டயரிகளிலும் இல்லை.

அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் டாக்டர் ஹென்றியிடம் போனார். கட்சிக்காரி படுத்த படுக்கையாக இருந்தாள் என்று காட்டினால் கோர்ட் தாமதத்தை மன்னிக்கும்.

"எதுவரைக்கும் போடட்டும்?" என்றார் டாக்டர்.

"எட்டுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும். பாதுகாப்புக்கு ஒரு வாரம் சேத்தே போடுங்க."

"என்ன வியாதி?"

"ஜட்ஜ் மேற்கொண்டு கேள்வி கேக்காத வியாதி."

டாக்டர் சர்டிபிகேட்டில் காலரா என்று எழுதினார்.

சிலுவையம்மாள் மீன்கூடையை வரதனின் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். வழக்கமான காகிதம்தான் என்று வரதன் பிரமாணப் பத்திரத்தை நீட்டினார்.

"இன்னா எழுதிகீது?"

"உனக்கு உடம்பு சரியில்லைன்னு. கோர்ட்டுக்கு அப்படித்தான் எழுதணும்."

"எனக்கு இன்னா ஒடம்பு? கல்லு மாரி கீறேன்."

அவர் மைப்பெட்டியைத் தள்ளினார். அவள் அவர் முகத்தையே பார்த்தபடி கட்டைவிரலைப் பதித்தாள். கெடு தப்பியதை அவர் சொல்லவில்லை.

மனுவின் நகல் எதிர்த்தரப்பு வக்கீல் வால்டருக்குப் போயிற்று. பன்னிரண்டு குடித்தனத்துக்கு ஒரே குழாய், அங்கே காலரா என்று வீட்டுச் சொந்தக்காரர் சுகாதார அதிகாரியிடம் மனுக் கொடுத்தார். சாட்சிக்கு வரதனின் மனுவையே இணைத்திருந்தார்.

பதினைந்தாம் தேதி காலையில் சுகாதார வண்டி வந்தது. அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். பாயைக் கொளுத்தினார்கள். கூடையையும் கொளுத்தினார்கள். சிலுவையம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற மறுத்தாள். எதிர்வீட்டுக்காரி, இது முந்தாநாள் கூட எங்கிட்ட சண்டை போட்டதே என்று சுகாதார ஆளிடம் வாதாடினாள்.

வரதன் ஓடி வந்தார். சிலுவையம்மாளின் காதருகே குனிந்து விளக்கினார். நோயில்லை என்று வாயைத் திறந்தால் பிரமாணம் பொய்யாகிவிடும். அப்பீலும் போய்விடும், அறையும் போய்விடும். நாலே நாள், சர்டிபிகேட் முடியும் வரை.

"பொய்யின்னு தெரிஞ்சா உன்னியும் உள்ள போடுவாங்களா?"

"முதல்ல என்னைத்தான். கோட்டையும் கழட்டிடுவாங்க."

"சரி நைனா," என்று அவள் நிலையை விட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாக நடந்தது. கட்சிக்காரி தொற்றுநோய் வார்டிலேயே இருக்கிறாள் என்று கேட்டதும் வால்டர் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டாம் தேதி தாமதம் மன்னிக்கப்பட்டு அப்பீல் ஏற்கப்பட்டது. சர்டிபிகேட் முடியும் பத்தொன்பதாம் தேதி, அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வரதன் ஒரு புதுப் பாய் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் ஹில்டா விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வந்தபோது அந்த அம்மாளுக்கு ஒன்றுமே இல்லை என்றும், மூன்றாம் நாள்தான் பேதி கண்டது என்றும், நேற்று மத்தியானம் முடிந்துவிட்டது என்றும் சொன்னாள்.

வரதன் பாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வக்கீல் சார் நீங்கதானே? கடைசியா உங்களுக்குத்தான் சொல்லி அனுப்பிச்சாங்க," என்றாள் ஹில்டா. "'தேதிய உட்டது வக்கீலு மூஞ்சிலயே தெரிஞ்சுது, பாவம், இப்ப எனக்கு நெசமாவே வந்துடுச்சு, இனிமே பயப்பட வாணாம்னு சொல்லு.'"